நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ

போர்க்களத்தில் வென்றோர் சரித்திரமும், கடல் கடந்து புதுநாடு கண்டோர் சரித்திரமும், முடி தரித்து நாடாண்டோர் சரித்திரமும் நம்மவர் விரும்பிப் படிப்பவை. சட்டப் புத்தகங்களின் நடுவே தம் வாழ்நாள் முழுவதையும் கழித்த ஒரு நீதிபதியின் சரித்திரத்தைத் தேடிப் படிப்போர் மிகச் சிலரே. ஆயினும் நம் நாளைய வாழ்க்கை எத்தகையது என்பதைச் சிறிது எண்ணிப் பார்ப்போமாக. மோட்டார் வண்டி, மின்விசிறி, அடுப்பு, மருந்துக்குப்பி முதலிய எண்ணிறந்த பொருள்களை, அவற்றைச் செய்தவன் முகத்தை ஒருநாளும் கண்டறியாத நாம், நம்பி வாங்குகிறோம், நம்பியே பயன்படுத்துகிறோம். அப்பொருளில் மறைந்து கிடந்த பழுதினால் நம் கையோ காலோ உயிரோ போகுமாயின், அதனைச் செய்தவன் நமக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவன் என்பது இன்று யாவரும் ஒப்பும் நியாயம். ஆனால் 1916-ஆம் ஆண்டுவரை ஆங்கில நாட்டிலும் அமெரிக்காவிலும் சட்டம் பெரும்பாலும் அவ்வாறு கூறவில்லை. அதனை அவ்வாறு கூறச் செய்தவர்களுள் முதன்மையானவர் நியூயார்க் நகரத்திற் பிறந்த பெஞ்சமின் நேதன் கார்டோசோ என்னும் பெரியார். அவர் வரலாற்றைச் சுருக்கிக் கூறுவதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

பிறப்பும் குடும்பமும்

கார்டோசோ 1870-ஆம் ஆண்டு மே மாதம் 24-ஆம் தேதி இரட்டைக் குழந்தைகளுள் ஒருவராகப் பிறந்தார். உடன் பிறந்தது எமிலி என்னும் பெண். இவருடைய முன்னோர் ஸ்பெயின், போர்த்துகல் நாடுகளில் வாழ்ந்த யூத மரபினர். அமெரிக்கா ஆங்கிலேயரின் குடியேற்ற நாடாயிருந்த காலத்திலேயே அங்கு வந்து நிலைத்தவர்கள். நியூயார்க் துறைமுகத்தில் நிற்கும் சுதந்திர தேவியின் சிலையைப் பற்றிப் பாடிய எம்மா லாசரஸ் என்னும் பெண்பாற் புலவர் இவர்க்கு நெருங்கிய உறவினர். கல்வியும் செல்வாக்கும் குலப்பெருமையும் ஒருங்கே நிறைந்த இக்குடும்பத்தில் ஒரு பெருங்குறை நேர்ந்தது.

தந்தையாராகிய ஆல்பர்ட் கார்டோசோ நியூயார்க் மாநிலத்துச் சுப்ரீம் கோர்ட்டின் நீதிபதி. இப்பெயர் கேட்டு மயங்க வேண்டா. அம்மாநிலத்தில் அது முதன் விசாரணை நடத்தும் நீதிமன்றமே. அதன் மேலே அப்பீல் கோர்ட்டு ஒன்று உண்டு. அக்காலத்தில் நியூயார்க் நகரத்தின் ஆட்சி ட்வீட் என்பவரைத் தலைவராகக் கொண்ட டாமனி ஹால் கூட்டத்தாரின் கையிலிருந்தது. ஆல்பர்ட் அக்கூட்டத்தாரின் தயவால் பதவி பெற்றவர். ஈரி ரயில்வே கம்பெனியைப் பற்றிய வழக்குகளிலும் பிறவற்றிலும் அவர் நடுநிலை தவறி ஒருபுறம் சாய்ந்தார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. சட்டசபையார் விசாரித்துப் பதவியினின்று நீக்கத் தலைப்பட்ட சமயத்தில், 1872-ஆம் ஆண்டு, அவர் தாமாகவே விலகிக்கொண்டார். அப்பொழுது பெஞ்சமினுக்கு வயது இரண்டு.

பிறந்த குடியின்மேல் விழுந்த இம்மாசு அச்சிறுவன் அறியாமலே அவனோடு வளர்ந்தது. கார்டோசோ இதைப்பற்றி வெளியிற் பேசும் இயல்புடையவர் அல்லர். ஆயினும் அவர் வாழ்க்கை முழுவதையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பவர்க்கு, தந்தையார் இழந்த நற்பெயரை மைந்தர் ஓசையின்றி மீட்டுக்கொண்ட கதையாகவே அது தோன்றும்.

கல்வியும் வக்கீல் தொழிலும்

ஒன்பதாம் வயதிற் கார்டோசோ தாயை இழந்தார். பதினைந்தாம் வயதில் தந்தையை இழந்தார். மூத்த தமக்கையாகிய எலன் என்னும் நெல்லி அவரைத் தாயினும் சாலப் பரிந்து வளர்த்தாள். இளமையில் அவர்க்கு வீட்டிலேயே ஆசிரியராக அமர்ந்து பாடம் சொன்னவர் ஹொரேஷியோ ஆல்ஜர். ஏழைச் சிறுவர் உழைப்பால் உயர்ந்த கதைகளை எழுதி அமெரிக்கா முழுவதும் புகழ்பெற்றவர் அவர். பதினைந்து வயதிற் கொலம்பியா கல்லூரியிற் சேர்ந்த கார்டோசோ, தம் வகுப்பினர் பலரினும் இளையராயிருந்தும் கல்வியில் அவர்களை விஞ்சி நின்று 1889-ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். பின்னர் அங்கேயே சட்டக் கல்வி பயின்றார். இரண்டாண்டுப் படிப்பாக இருந்ததை மூன்றாண்டாக நீட்டியபோது, மூன்றாம் ஆண்டிற்கு நில்லாமல், சட்டப் பட்டம் பெறாமலே வெளியேறினார். 1891-ஆம் ஆண்டு வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார். நாட்டின் தலைசிறந்த நீதிபதிகளுள் ஒருவராக எண்ணப்படும் இவர் சட்டப் பட்டம் பெறாதவர் என்பது வியப்பன்றோ!

தமையனாருடன் சேர்ந்து, தந்தையாரிருந்த தொழிலிடத்திலேயே வக்கீல் தொழில் தொடங்கினார். உரத்துப் பேசிக் கைதட்டுப் பெறும் வகையைச் சேர்ந்தவரல்லர் அவர். மென்மையான குரல், அடக்கமான நடை, எவரிடத்தும் மாறாத மரியாதை. சிக்கலான வழக்குகள் மேல்முறையீட்டுக்குச் செல்லும்போது, மற்ற வக்கீல்களே அவரை நாடி வந்தனர். வக்கீல்களுக்கு வக்கீல் என்று பெயர் பெற்றார். 1903-ஆம் ஆண்டு நியூயார்க் அப்பீல் கோர்ட்டின் அதிகார எல்லையைப் பற்றி ஒரு நூலும் இயற்றினார். இவ்வாறு ஏறக்குறைய இருபத்துமூன்று ஆண்டுகள் கழிந்தன.

1913-ஆம் ஆண்டுத் தேர்தலில் டாமனி ஹால் கூட்டத்தாரை எதிர்த்து நின்றவர்கள், மாசற்ற பெயருடைய ஒருவரைத் தேடிக் கார்டோசோவை நீதிபதி பதவிக்கு நிறுத்தினர். சிறிய வாக்கு வித்தியாசத்தில் அவர் வென்றார். எந்தச் சுப்ரீம் கோர்ட்டினின்று தந்தையார் தலைகுனிந்து வெளியேறினாரோ, அதே கோர்ட்டினுள் 1914-ஆம் ஆண்டு தொடக்கத்தில் மைந்தர் நீதிபதியாக நுழைந்தார். சில வாரங்களுக்குள்ளாகவே அவரை ஆல்பனி நகரத்திலுள்ள அப்பீல் கோர்ட்டுக்கு மாற்றினர். அங்கே அவர்க்காகக் காத்திருந்தது ஒரு வண்டிச் சக்கரம்.

உடைந்த சக்கரம்

நியூயார்க் மாநிலத்தில் கால்வே என்னும் சிற்றூரில் டொனால்ட் மக்பர்சன் என்னும் கல்தச்சர் இருந்தார்; கல்லறைக் கற்கள் செதுக்குவது அவர் தொழில். 1910-ஆம் ஆண்டு அவர் ஸ்கெனெக்டடி நகரத்து வியாபாரிகளிடம் ஒரு பியூக் மோட்டார் வண்டி வாங்கினார். அவ்வாண்டுக் கோடையில், நோயுற்ற அண்டை வீட்டார் ஒருவரை அவ்வண்டியில் ஏற்றிக்கொண்டு சரடோகாவிலுள்ள ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார். வண்டி மணிக்கு எட்டு மைல் வேகத்திலேயே சென்றது. திடீரென்று ஒரு சக்கரத்தின் மர ஆரங்கள் துண்டுதுண்டாக நொறுங்கின, வண்டி சரிந்தது, மக்பர்சன் தூக்கி எறியப்பட்டுக் காயமுற்றார்.

அவர் யார்மேல் வழக்குத் தொடுப்பது? தமக்கு வண்டியை விற்ற வியாபாரி சக்கரத்தைச் செய்தவன் அல்லன். அதன் உட்பழுது அவனுக்குத் தெரியவும் நியாயமில்லை. ஆகவே மக்பர்சன் வண்டியைச் செய்த பியூக் மோட்டார் கம்பெனியின்மேலேயே வழக்குத் தொடுத்தார். கம்பெனியார் கூறிய விடைகள் இரண்டு. முதலாவது, சக்கரம் தாங்கள் செய்ததன்று; பிளின்ட் நகரத்திலுள்ள இம்பீரியல் சக்கரக் கம்பெனியிடம் வாங்கியது; அக்கம்பெனி நற்பெயருடையது; அதனிடம் வாங்கிய எண்பதினாயிரம் சக்கரங்களுள் இதற்கு முன் ஒன்றேனும் மரப்பழுதால் உடைந்ததில்லை. இரண்டாவது, தாங்கள் வண்டியை விற்றது வியாபாரிக்கு, மக்பர்சனுக்கன்று. ஒப்பந்தம் இல்லாதவனுக்குக் கடமையும் இல்லை என்பது அவர்கள் வாதம்.

இவ்விரண்டாம் வாதத்திற்குப் பின்னே ஒரு பழைய தீர்ப்பின் பலம் இருந்தது. 1842-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தபால் வண்டியொன்று உடைந்து, அதை ஓட்டியவன் முடவனானான். வண்டியைப் பழுது பார்த்துத் தருவதாகத் தபால் அதிகாரியிடம் ஒப்புக்கொண்டவன்மேல் அவன் வழக்குத் தொடுத்தபோது, ஒப்பந்தம் தபால் அதிகாரியோடு செய்யப்பட்டதேயன்றி வண்டிக்காரனோடு அன்று என்று சொல்லி நீதிபதிகள் வழக்கைத் தள்ளினர். வண்டிக்காரனுக்கு இடங்கொடுத்தால், அவ்வழியே செல்வோரெல்லாம் வழக்குத் தொடுப்பர். வழக்குகளுக்கு ஓர் எல்லையே இராது என்பது அவர்கள் அச்சம்.

அப்பழைய விதிக்கு நியூயார்க்கிற் சில விலக்குகள் தோன்றியிருந்தன. 1852-ஆம் ஆண்டு, நச்சு மருந்தொன்றின் குப்பியில் தீங்கற்ற மருந்தின் பெயரை ஒட்டி விற்றவன், இடையிலுள்ள வியாபாரிகளைக் கடந்து, அதை உண்டு நலிந்த பெண்ணுக்கு நஷ்டஈடு கொடுக்கக் கடமைப்பட்டான். 1882-ஆம் ஆண்டு, உயர்ந்த சாரம் சரிந்து பெயின்டர் ஒருவன் இறந்தபோது, சாரத்தைக் கட்டியவன் பொறுப்பாளியானான். 1905-ஆம் ஆண்டு வழக்கொன்று மிகவும் கவனிக்கத்தக்கது. நிலத்தைச் சமன்செய்யக் குதிரை பூட்டி இழுக்கும் உருளையின் ஏர்க்காலில் இருந்த துளையை மரத்துண்டால் அடைத்து, மேலே மக்குப் பூசி, வர்ணம் அடித்து மறைத்து விற்றிருந்தான் ஒருவன். பழுதைத் தெரிந்தே மறைத்தவன் தப்பக்கூடாதென்று அவனைக் கோர்ட்டார் பொறுப்பாளியாக்கினர்.

இங்கே நாம் சிறிது நின்று சிந்திக்க வேண்டும். பழுதைத் தெரிந்து மறைத்தவன் பிடிபடுவான். தெரியாதவனோ ஒப்பந்தம் என்னும் சுவருக்குப் பின் நின்று தப்பிவிடுவான். அங்ஙனமாயின் செய்வோனுக்கு வாய்ந்த வழி யாது? சோதித்துப் பாராதிருத்தலே! பார்த்தால் பழுது தெரியும். தெரிந்தால் பொறுப்பு வரும். பாராதவன் சுகமாக இருப்பான். கவனமின்மைக்குச் சட்டமே கூலி கொடுத்தது போலாயிற்று. மக்பர்சனின் வழக்கு இவ்விடத்திலேதான் நின்றது. பியூக் கம்பெனியார் பழுதைத் தெரிந்து மறைத்தனர் என்று எவரும் குற்றம் சாட்டவில்லை. அவர்கள் சோதிக்கவேயில்லை என்பதே குற்றம்.

ஜூரிமாரின் தீர்மானம்

முதல் விசாரணையில் நீதிபதி, வழக்கை ஜூரிமாரிடம் விடாமலே தள்ளினார். 1912-ஆம் ஆண்டு மேற்கோர்ட்டார் அதை மாற்றி மறுவிசாரணைக்கு அனுப்பினர். இம்முறை வழக்கு ஜூரிமாரை அடைந்தது. ஜூரிமார் என்போர் சட்டம் கற்றவர் அல்லர். தத்தம் தொழிலை விட்டுச் சில நாட்கள் வந்து அமர்ந்து, இரு பக்கத்துச் சாட்சியங்களையும் கேட்டு, நடந்தது இன்னதென்று முடிவு கூறும் சாதாரணக் குடிமக்கள். அவர்கள் சக்கரத்தின் மரம் பழுதுள்ளதென்றும், தக்கவாறு சோதித்திருந்தால் அது தெரிந்திருக்குமென்றும் கொண்டு, மக்பர்சனுக்கு 5,025 டாலர் நஷ்டஈடு கொடுக்குமாறு தீர்மானித்தனர். 1914-ஆம் ஆண்டு இடைக் கோர்ட்டும் அதனை உறுதி செய்தது. கம்பெனியார் இறுதியாக அப்பீல் கோர்ட்டுக்கு வந்தனர்.

அச்சமயத்தில் காற்று அவர்கள் பக்கமே வீசிற்று. 1915-ஆம் ஆண்டு, இதே போன்று உளுத்த மரத்தாலான சக்கரம் உடைந்து காயமுற்ற மற்றொருவர் காடிலாக் கம்பெனியின்மேல் தொடுத்த வழக்கை, மத்திய அரசாங்கத்தின் அப்பீல் கோர்ட்டார் பழைய விதியையே காட்டித் தள்ளியிருந்தனர்.

1916-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 14-ஆம் தேதி அப்பீல் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. தீர்ப்பை எழுதியவர் கார்டோசோ. அவர் பழைய வழக்குகளை இகழவுமில்லை. தாம் புதுச்சட்டம் செய்வதாகப் பறைசாற்றவுமில்லை. நச்சு மருந்து, சாரம், வெடித்துச் சிதறிய காப்பிக் கொதிகலன் என்று முன்பு தீர்ந்த வழக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து அடுக்கி, அவற்றினூடே ஒரு நியாயம் வளர்ந்து வந்திருப்பதைக் காட்டினார். விலக்குகள் என்று கருதப்பட்டவை உண்மையில் ஒரு பொதுவிதியின் கிளைகளே என்று தெளிவித்தார்.

அவர் காட்டிய நியாயத்தின் சாரம் இது. நஞ்சும் வெடிமருந்துமே ஆபத்தான பொருள்கள் அல்ல. கவனமின்றிச் செய்தால் உயிர்க்கும் உடலுக்கும் தீங்கு விளைப்பது நிச்சயமென்று அறிவுடையோர் கருதக்கூடிய எப்பொருளும் ஆபத்தான பொருளே. மேலும், அதை வாங்குபவனன்றிப் பிறரும் பயன்படுத்துவர் என்பதும், அவர்கள் மீண்டும் சோதித்துப் பாரார் என்பதும் செய்பவனுக்குத் தெரிந்திருக்குமாயின், ஒப்பந்தம் உண்டோ இல்லையோ, கவனமாகச் செய்வது அவன் கடமை. மூவர் அமரத்தக்கதாகவும் மணிக்கு ஐம்பது மைல் ஓடத்தக்கதாகவும் செய்யப்பட்ட வண்டியை வாங்கும் வியாபாரி, அதில் ஏறிச் செல்வதற்காகவா வாங்குகிறான்? அதைப் பயன்படுத்தமாட்டான் என்று உறுதியாகச் சொல்லத்தக்க ஒருவன் உளனாயின் அவன் அவ்வியாபாரியே. அங்ஙனமிருக்க, அவன் ஒருவனுக்கே கம்பெனி கடமைப்பட்டது என்பது பொருந்தாத முடிவாகும். குதிரை வண்டிக் காலத்து விதி இக்காலத்துப் பிரயாணத்திற்கு ஒவ்வாது. ஆபத்து மாறாவிடினும், ஆபத்துக்குரிய பொருள்கள் நாகரிகம் வளரவளர மாறுகின்றன என்றும் அவர் விளக்கினார்.

சக்கரம் பிறர் செய்ததென்ற வாதத்தையும் அவர் ஏற்கவில்லை. உறுப்புக்களைப் பிறரிடம் வாங்கினும், முழு வண்டியைத் தன் பெயரால் வெளியிடுவோன் அதற்குப் பொறுப்பாளி. சாதாரணமான எளிய சோதனைகளைச் செய்யாமல் அதை ஊரார் கையில் விடுவதற்கு அவனுக்கு உரிமையில்லை. ஜூரிமாரின் தீர்மானம் நிலைத்தது. தலைமை நீதிபதியாகிய வில்லர்ட் பார்ட்லெட் ஒருவர் மட்டும் மாறுபட்டார். பழைய விதியை மாற்றுவது கோர்ட்டாரின் வேலையன்று என்று நேர்மையாகவே அவர் எண்ணினார்; அவர் கருத்திலும் நியாயம் இல்லாமற் போகவில்லை. ஆயினும் காலம் கார்டோசோவின் பக்கம் நின்றது. 1919-ஆம் ஆண்டு மத்திய அப்பீல் கோர்ட்டாரே காடிலாக் வழக்கிற் கூறிய தம் தீர்ப்பை மாற்றிக்கொண்டனர். மற்ற மாநிலங்களும் ஒவ்வொன்றாகப் பின்பற்றின. 1932-ஆம் ஆண்டு பிரிட்டனில் பிரபுக்கள் சபையார், இஞ்சிப் பானக் குப்பிக்குள் நத்தை கிடந்ததாகத் தொடுக்கப்பட்ட ஸ்காட்லாந்து வழக்கில் இக்கொள்கையையே நிலைநாட்டியபோது, அட்கின் பிரபு கார்டோசோவின் தீர்ப்பைப் புகழ்ந்து எடுத்துக்காட்டினார்.

அளவறிந்த நடுநிலை

இவ்வளவும் படித்தோர், கார்டோசோ எப்பொழுதும் ஏழைக்கு இரங்கிக் கம்பெனிகளை ஒறுத்தவர் என்று கருதிவிடலாகாது. 1924-ஆம் ஆண்டு நியூயார்க் நகரத்து ரயில் நிலையமொன்றில், ஓடும் வண்டியில் ஏற முயன்ற ஒருவனுக்கு ரயில்வே ஊழியர் கைகொடுத்துதவியபோது, அவன் கையிலிருந்த பொட்டலம் கீழே விழுந்தது. அதனுள் இருந்தது வாணவெடி. அது வெடித்த அதிர்ச்சியில், சற்றுத் தூரத்தில் தன் குழந்தைகளோடு நின்ற ஒரு தாயின்மேல் எடைபார்க்கும் இயந்திரம் சாய்ந்தது. ஜூரிமார் அவளுக்கு 6,000 டாலர் கொடுக்கத் தீர்மானித்தனர். 1928-ஆம் ஆண்டு அவ்வழக்கு அப்பீல் கோர்ட்டுக்கு வந்தபோது, ஏழு நீதிபதிகளுள் நால்வர் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாகப் பிரிந்தனர். நால்வர் சார்பில் எழுதிய கார்டோசோ, அப்பொட்டலம் தூர நின்றவளுக்குத் தீங்கு செய்யுமென்று அவ்வூழியர் முன்னறிய வழியில்லை. முன்னறியக் கூடாத தீங்கிற்குக் கடமையும் இல்லை என்று கூறி ஜூரிமாரின் தீர்மானத்தைத் தள்ளினார்.

இத்தீர்ப்பு கடுமையானதென்று அன்று முதல் இன்றுவரை குறை கூறுவோர் உளர். ஏழைத் தாயொருத்தி வெறுங்கையோடு வீடு திரும்பியதை நினைப்போர்க்கு அக்குறை நியாயமாகவே தோன்றும். ஆயினும் இரண்டு தீர்ப்புக்களும் ஒரே அளவுகோலால் அளந்தவை. முன்னறியத் தக்க ஆபத்து எதுவோ, அதுவே கடமையின் எல்லை. வண்டிச் சக்கரம் ஒடிந்தால் ஏறியிருப்பவர் விழுவர் என்பதைக் கம்பெனியார் முன்னறியலாம்; செய்தித்தாளிற் சுற்றிய பொட்டலத்துள் வெடி இருப்பதை ஊழியர் முன்னறிய இயலாது. தமக்கு இரக்கம் தோன்றிய இடத்தில் அளவுகோலை நீட்டியும், தோன்றாத இடத்திற் குறுக்கியும் தீர்ப்புக் கூறுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஆல்பர்ட் கார்டோசோவின் மைந்தர் நன்கு அறிந்திருந்தார் போலும்.

பிற்காலம்

1921-ஆம் ஆண்டு யேல் பல்கலைக்கழகத்தில் நீதி வழங்கும் முறையைப் பற்றி அவர் நிகழ்த்திய சொற்பொழிவுகள் நூலாக வெளிவந்து இன்றும் சட்ட மாணவர்களாற் படிக்கப்படுகின்றன. நீதிபதி தம் முடிவுக்கு எவ்வாறு வருகிறார் என்பதை மறைக்காமல் அதில் எடுத்துரைத்தார். தருக்கம், வரலாறு, வழக்கம், சமூக நலம் ஆகிய நான்கும் நீதிபதியை நடத்துகின்றன என்பது அவர் கருத்து. 1927-ஆம் ஆண்டு அவர் அப்பீல் கோர்ட்டின் தலைமை நீதிபதியானார்.

அவர் விவாகம் செய்துகொள்ளவில்லை. நியூயார்க்கில் தமக்கை நெல்லியுடனேயே வாழ்ந்தார். நெல்லி நோயுற்றுப் படுத்த காலத்தில் இரவும் பகலும் பேணினார். 1929-ஆம் ஆண்டு அவள் இறந்தபின் அவ்வீடு அவர்க்கு வெறுமையாயிற்று.

1932-ஆம் ஆண்டு, முதுமையினால் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் என்னும் பெருநீதிபதி அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டினின்று விலகியபோது, அவர் இடத்திற்கு யார் தகுதியுடையவர் என்ற வினா எழுந்தது. அக்கோர்ட்டில் நியூயார்க்கைச் சேர்ந்தவர் இருவரும் யூதர் ஒருவரும் முன்னரே இருந்தனர். ஆயினும் கட்சி வேறுபாடின்றி எல்லாத் திசையினின்றும் ஒரே பெயர் எழுந்தது. ஜனாதிபதி ஹூவர் தாம் எதிர்க்கட்சியினராக இருந்தும் கார்டோசோவை நியமித்தார். செனெட் சபையார் ஒருமனதாக ஏற்றனர். மக்பர்சன் தீர்ப்புக் கூறிப் பதினாறு ஆண்டுகள் நிறைந்த அதே மார்ச்சு 14-ஆம் தேதி அவர் அப்பதவியில் அமர்ந்தார். 1937-ஆம் ஆண்டு, முதியோர்க்குப் பென்ஷன் அளிக்கும் சட்டம் செல்லுமென்ற தீர்ப்பையும் அவரே எழுதினார். அவ்வாண்டு இறுதியில் இருதய நோய் கண்டு, அடுத்த 1938-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 9-ஆம் தேதி, நண்பர் ஒருவர் வீட்டில், அறுபத்தெட்டாம் வயதிற் காலமானார்.

விதைத்ததும் விளைந்ததும்

கார்டோசோ மறைந்தபின் அவர் திறந்த வழி அகன்றது. 1963-ஆம் ஆண்டு கலிபோர்னியா சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி டிரெய்னர், மரவேலை இயந்திரம் ஒன்றினாற் காயமுற்றவர்க்கு ஜூரிமார் அளித்த 65,000 டாலரை உறுதி செய்து, பழுதுள்ள பொருளைச் சந்தையில் விட்டவன், கவனமின்மையை மெய்ப்பிக்காவிடினும் பொறுப்பாளியே என்று கூறினார். பின்னர், பார்த்தும் கேளாதவனுடைய வழக்கும் வந்தது. 1972-ஆம் ஆண்டு கலிபோர்னியா சாலையில் நின்றுவிட்ட போர்டு பின்டோ வண்டியின் பின்புறம் வேறொரு வண்டி மோதவே, பெட்ரோல் தொட்டி உடைந்து தீப்பற்றி, ஓட்டிய பெண்மணி இறந்தார். பதின்மூன்று வயதுச் சிறுவன் மிகக் கொடிய தீப்புண்களோடு உயிர் தப்பினான். விற்பனைக்கு முன்னரே கம்பெனியார் செய்த மோதற் சோதனைகளில் தொட்டியின் பழுது வெளிப்பட்டிருந்ததென்பதும், சிறு செலவில் அதைத் திருத்தியிருக்கலாம் என்பதும் கோர்ட்டில் எடுத்துக் காட்டப்பட்டன. 1978-ஆம் ஆண்டு ஜூரிமார், அச்சிறுவன் பட்ட துன்பத்திற்கு ஏறக்குறைய 25 லட்சம் டாலரும், அதன்மேல் தண்டனையாகப் பன்னிரண்டரைக் கோடி டாலரும் விதித்தனர். நீதிபதி தண்டத்தை 35 லட்சமாகக் குறைத்தார். 1981-ஆம் ஆண்டு மேற்கோர்ட்டு அதை உறுதி செய்தது.

தண்டம் விதித்தது ஏன்? நஷ்டஈடு மட்டுமே கொடுத்தாற் போதுமாயின், அதனையும் ஒரு செலவாகக் கணக்கில் எழுதிக்கொண்டு, திருத்துவதினும் கொடுப்பது மலிவு என்று செல்வமுடையோர் எண்ணலாம். மனித உயிரை அவ்வாறு கணக்கிடலாகாது என்று உணர்த்தவே ஜூரிமார் தண்டம் விதிக்கின்றனர். ஆனால் செய்பவனுக்கும் பயன்படுத்துவோனுக்கும் இடையே கடமை என்னும் தொடர்பை முதலிற் கட்டாவிடின், இத்தண்டத்திற்கு அடிநிலமே இராது. சோதித்துப் பார்ப்பது கடமை என்று 1916-இல் நிலைநாட்டியதனாலேயே, பார்த்தறிந்த பின்னும் வாளாவிருந்தவனுடைய குற்றம் எத்துணைப் பெரிதென்பது பிற்காலத்தார்க்குப் புலப்பட்டது. நம் இந்தியாவிலும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பழுதுள்ள பொருளைச் செய்தவனுடைய பொறுப்பைப் பற்றித் தனி அதிகாரம் ஒன்று அமைந்துள்ளது.

மாணவ நண்பர்களே! நம்முள் எஞ்சினியர் ஆவோர், மருந்து செய்வோர், பாலம் கட்டுவோர், தொழிற்சாலை நடத்துவோர் பலர் உளர். நாம் செய்யும் பொருள் எவர் கையை அடையுமென்று நாம் அறியமாட்டோம். கால்வே ஊர்க் கல்தச்சரைப் பிளின்ட் நகரத்துச் சக்கரம் செய்தவர் கண்டதில்லை. கண்டிருந்தால், ஒருவேளை அந்த மரத்தை இருமுறை தட்டிப் பார்த்திருப்பர். காணாத அயலானையும் கண்ணெதிரே நிற்பவனாகக் கருதித் தொழில் செய்க என்பதே கார்டோசோவின் தீர்ப்பு நமக்குச் சொல்லும் பாடம். மற்றொரு பாடமும் அவர் வாழ்க்கையில் உண்டு. குடும்பத்திற்கு நேர்ந்த பழியை அவர் மறைக்கவுமில்லை; பிறர்மேல் ஏற்றவுமில்லை; அதே ஆசனத்தில் அமர்ந்து, நாள்தோறும் நேர்மையாக நடந்து, அதைக் கழுவினார். பழுதுற்ற மரத்தை வர்ணத்தால் மறைப்பது ஒரு வழி. நல்ல மரம் இட்டுப் புதிதாகச் செய்வது மற்றொரு வழி. அவர் பின்னதையே தேர்ந்துகொண்டார்.